சீரில் வந்த குதிரை

எங்கள் வீட்டுக்குக் குதிரை வந்ததற்குக் காரணம் மைக்கில் அறிவிப்புச் செய்கிற ஒரு மைக்காரர். குதிரை வளர்க்க வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் ஆசைப்பட்டதில்லை. நாங்கள் குடியிருப்பது மதுரை சிம்மக்கல்லில். எங்கள் தெருவில் ஒரு ஸ்கூட்டரைத் திருப்ப வேண்டுமென்றால் எதிர்வீட்டுக்காரர் வாசலில் கிடக்கும் செருப்புகளை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். குதிரையைப் பற்றிய பேச்சுக்கே அங்கே இடம் கிடையாது.

என் கணவர் பிளாஸ்டிக் வாளி, குடம், கூடை எல்லாம் மொத்த வியாபாரம் செய்கிறார். நான் கடையில் கல்லாவில் உட்காருவேன். பிழைப்பு இங்கே என்றாலும் எங்கள் இருவரின் சொந்தக்காரர்களும் உசிலம்பட்டியைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். அதனால் எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது உசிலம்பட்டியில்தான் மண்டபம் பிடித்தோம்.

எங்கள் பக்கத்துக் காதுகுத்தில் காதுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. தாய்மாமன் என்ன சீர் கொண்டு வருகிறான் என்பதுதான் விழா. பிள்ளையின் காது, அதற்கு வெகு நேரத்துக்குப் பிறகு, எல்லோரும் சாப்பிடப் போன பின்பு, ஏதோ ஒரு மூலையில் குத்தப்படும்.

என் மகளுக்குத் தாய்மாமன் என் தம்பி. உசிலம்பட்டிக்கு அருகில் டிராக்டர் வாடகைக்கு ஓட்டுகிறான். நல்லவன். கோபம் வந்தால் சாப்பிடாமல் போய்விடுவான், பசி வந்தால் கோபத்தை மறந்துவிடுவான். எனக்கு அவன் ஒரே தம்பி என்பதால் சின்ன வயதிலிருந்தே அவன் செய்வதெல்லாம் எனக்கு அழகாகத்தான் தெரிந்திருக்கிறது. அன்று அவன் பீரோ, கிரைண்டர், மாலை போட்ட கிடாக்கள், பழத்தட்டு தூக்கிய பெண்கள் வரிசை, வெடி, செண்டை மேளம் என்று எல்லாவற்றோடும் ஊர்வலமாக வந்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளைக் குதிரை மேளத்துக்கு ஏற்பக் காலைத் தூக்கித் தூக்கி ஆடி வந்தது. அதன் மேல் பட்டு வேட்டியும் கூலிங்கிளாஸுமாக என் தம்பி.

குதிரை அன்றைய காலைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தது. அது எல்லோருக்கும் தெரியும், மைக்காரரைத் தவிர. அவர் மண்டப வாசலில் நின்று சீர்ப் பொருட்களை ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டிருந்தார். பீரோ சொன்னார், கிரைண்டர் சொன்னார், கிடாக்களைச் சொன்னார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். குதிரை ஆடிக்கொண்டு வந்தது. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“இந்தா வருது பாருங்க, இதுவரைக்கும் இந்த ஏரியாவுல யாரும் செய்யாத சீரு! மருமகளுக்குத் தாய்மாமன் சீதனமாக் கொண்டாந்திருக்கிற வெள்ளக் குதிர!”

மண்டபமே விசிலடித்தது. செல்போன்கள் உயர்ந்தன. குதிரை மேலிருந்த என் தம்பி கூலிங்கிளாஸைக் கழற்றினான். அந்த நேரத்தில் அவன் ‘இல்லை, இது வாடகைக் குதிரை’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்களில் மைக்கில் சொன்னது சொன்னதுதான். மைக்கில் தப்பாகக் கூட்டி அறிவித்த மொய்யை, அறிவித்தபடியே கட்டிவிட்டுப் போன பெரியப்பா ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய தம்பி மகன் வேறு எப்படி இருப்பான். கூலிங்கிளாஸைத் திரும்பப் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

பிறகு குதிரைக்காரரை மண்டபச் சமையல்கட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது குதிரை எங்களுடையது ஆகியிருந்தது.

நான் அவனைத் தனியே இழுத்தேன். “ஏண்டா, கிறுக்கா உனக்கு? திருப்பிக் குடுத்துட்டு வாடா.”

“மைக்ல சொல்லிட்டாய்ங்களேக்கா.”

என் கணவர் தன் பங்குக்கு, “பீரோவே போதும் மாப்ள” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தம்பியின் முகம் மாறியது. தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்பினால் உறவு வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். சீரில் வந்த மற்ற உயிர்கள் எல்லாம் அன்று மதியமே இலைக்கு வந்துவிட்டன. குதிரை மட்டும் மிச்சம் இருந்தது.

குதிரைக்காரர் போகும்போது கடிவாளம், தலையில் வைக்கும் இறகு, கால் சலங்கை எல்லாவற்றையும் ஒப்படைத்தார். கடைசியாக, ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு கம்பையும் என் கையில் கொடுத்தார். “இதயும் வச்சுக்கங்கக்கா, தேவைப்படும்” என்றார். அதுவும் அலங்காரத்தில் ஒன்று என்றுதான் நினைத்தேன். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

பீரோவும் கிரைண்டரும் குதிரையும் ஒரே மினி லாரியில் மதுரைக்கு வந்தன. வீட்டில் வைக்க முடியாததால் எங்கள் குடோனில் விட்டோம். குடோன் வைகைக்குப் பக்கத்தில், பாலத்துக்குப் போகும் சாலை ஓரத்தில் இருக்கிறது. முன்னால் கொஞ்சம் காலி இடம், ஒரு வேப்பமரம், சாலையைப் பார்த்த கம்பிக் கேட்டு. தகரக் கொட்டகைக்குக் கீழே இருந்த குடங்களை நகர்த்திக் குதிரைக்கு இடம் பண்ணினோம். அந்தக் குடங்களை எங்கே வைப்பது என்று என் கணவர் ஒரு வாரம் புலம்பினார். அவற்றைக் கடைசியில் எங்கள் படுக்கையறையில் வைத்தோம்.

குதிரையை யார் பார்த்துக்கொள்வது என்று எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. தம்பி என் தம்பி, ஆகவே குதிரையும் என் குதிரை. காலையில் கடை திறக்கும் முன்பு போய்ச் சாணியை அள்ளிப்போட்டு, தண்ணீர் காட்டி, புல்லும் ஊறவைத்த கொள்ளும் வைப்பேன். மார்க்கெட்டில் கழித்துப் போடும் கேரட்டைப் பையில் வாங்கி வருவேன். தெருக்காரர்கள் முதல் சில நாட்கள் கோயிலுக்கு வருவது போல வந்தார்கள். பன், பூந்தி, பிரியாணி, ஒருவர் குளிர்பானம் கூடக் கொண்டு வந்தார். குதிரை வயிறு உப்பித் தரையில் உருண்ட அன்று அரசு ஆஸ்பத்திரியிலிருந்து கால்நடை டாக்டர் வந்தார். அவர் எங்கள் எல்லோரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, “புல்லு சாப்புடுற பிராணிங்க இது” என்று மட்டும் சொன்னார். அவமானமாக இருந்தது.

அதன் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேளச் சத்தம் கேட்டால் போதும், அது ஆடும். தவில், செண்டை, தப்பு, பேண்டு வாத்தியம் என்று பேதம் பார்க்காது. கழுத்தை வளைத்து, தலையைத் தாழ்த்தி, முன்னங்கால்களை ஒன்று மாற்றி ஒன்றாகத் தூக்கி வைக்கும். எங்கள் குடோன் இருக்கும் சாலையில் கோயில் ஊர்வலம் போகும், கல்யாண ஊர்வலம் போகும். ஆற்றைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போவதும் அந்த வழியாகத்தான். மதுரையில் வயதானவர்கள் செத்தால் யாரும் சும்மா தூக்கிக்கொண்டு போவதில்லை. மேளம், வெடி, ஆட்டம் எல்லாம் உண்டு. ஆகவே எங்கள் குதிரைக்கு வேலை நிறைய இருந்தது.

முதலில் ஒரு சாவு ஊர்வலம் தற்செயலாகத்தான் எங்கள் கேட்டு முன்னால் நின்றது. குதிரை கம்பிக்குப் பின்னால் ஆடியதைப் பார்த்து மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். செத்தவரின் மகன் என்னிடம் வந்து கைகூப்பினார். “எங்க ஐயாவுக்கு ரொம்ப மரியாத பண்ணிட்டீங்கக்கா” என்றார். நான் தலையாட்டினேன். அதன் பிறகு அந்தச் சாலையில் போகும் எல்லாச் சாவும் எங்கள் கேட்டில் நின்று போகத் தொடங்கின. குதிரை ஆடினால்தான் பெரிய சாவு என்று ஆகிவிட்டது. சில பேர் முன்கூட்டியே கடைக்கு ஆள் அனுப்பி, ‘இன்னைக்கு நாலு மணிக்கு எடுக்கிறோம், குதிர இருக்கும்ல’ என்று கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பொங்கலுக்கு முன்பு ஒரு மத்தியானம் குடோனைச் சுத்தம் செய்யப் போனேன். சாலையில் வெயில். மேளம் இல்லை, ஊர்வலம் இல்லை, ஆள் நடமாட்டமே இல்லை. குதிரை கொட்டகையில் நின்று புல் தின்றுகொண்டிருந்தது. நான் நீளமான ஒட்டடைக் கம்பை எடுத்து, தகரத்தின் மூலையில் இருந்த நூலாம்படையைத் தட்டுவதற்காக உயர்த்தினேன்.

குதிரை ஆடத் தொடங்கியது.

வாயில் புல் இருந்தது. அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கழுத்தை வளைத்து, தலையைத் தாழ்த்தி, முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தது. ஒரு சத்தமும் இல்லாமல் அது ஆடியதைப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் கம்பை இறக்கினேன். அது நின்றது. நம்பாமல் மறுபடியும் உயர்த்தினேன். கால் உயர்ந்தது. அதன் கண் என்னைப் பார்க்கவில்லை, கம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. நான் வலது பக்கமாகப் போனால் அது ஒதுங்கும். என் பவுடர் வாசனை பிடிக்கவில்லை போல என்று பவுடரையே விட்டிருந்தேன். அன்று ஊர்வலம் முழுக்கக் குதிரைக்காரர் அந்த ஜிகினாக் கம்போடு அதன் வலது பக்கம் நடந்து வந்தது இப்போது நினைவுக்கு வந்தது. முன்னங்கால்களில் முட்டிக்குக் கீழே தோலுக்கடியில் முடிச்சு முடிச்சாக இருக்கும். கொசுக்கடி என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவியிருக்கிறேன். ஊர்வலம் போன பின்பு அதற்கு வேர்த்துக் கொட்டும், வயிறு கழியும். ஆடிய களைப்பு என்று கூடுதலாகக் கொள்ளு வைத்திருக்கிறேன். அதற்கு ஆடவே தெரியாது. மேளம் கேட்டால் கம்பு வரும் என்பது மட்டும்தான் தெரியும். கம்பு காலில் விழுவதற்கு முன்பு காலைத் தூக்கிவிடப் பார்க்கிறது. அதைத்தான் நாங்கள் மதுரை மாநகரமே கூடி நின்று கைதட்டிப் பார்த்திருக்கிறோம்.

ஜிகினா சுற்றிய கம்பு அதுவரை குடோன் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்திலிருந்து வைகையில் வீசினேன். வைகையில் தண்ணீர் இல்லாததால் போட்ட இடத்திலேயே கிடந்தது. மறுநாள் பார்த்தபோது அதை யாரோ கிரிக்கெட் ஸ்டம்பாக நட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் கம்பு போல இருக்கும் எதுவும் குடோன் கேட்டுக்குள் வரக் கூடாது என்றும் சொன்னேன். ஒட்டடைக் கம்பு, மூங்கில், பைப்பு, குடை, எதுவும்.

“அப்ப நூலாம்படைய எப்பிடி எடுக்குறது?”

“இருந்துட்டுப் போகுது.”

“கம்ப வெளிய வச்சுறலாம். மேளத்த எப்பிடி வெளிய வைக்க? ரோடு நம்மளுதா?” என்றார். சரியான கேள்விதான்.

அதற்கு வழியும் அவரே கண்டுபிடித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்ததில்லை. மறுநாள் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்து வந்தார். குதிரைக்கு எட்டத்தில் கேட்டுப் பக்கமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மக்கைக் கவிழ்த்துப் போட்டு விரலால் தட்டினார். குதிரை காலைத் தூக்கியது. நான் அதன் இடது பக்கம் நின்று கழுத்தைத் தடவி ஒரு கேரட்டை நீட்டினேன். அது வாங்கவில்லை. அவர் நிறுத்தினார். பிறகு இன்னும் மெதுவாகத் தட்டினார். அதுதான் தினமும். கடை மூடியதும் நேராகக் குடோனுக்கு வந்து மக்கைத் தட்டுவோம். மக்குக்கு அது காலைத் தூக்காமல் ஆனபோது, அவர் சின்ன வாளிக்கு மாறினார். சின்ன வாளியிலிருந்து பெரிய வாளி, பெரிய வாளியிலிருந்து தண்ணீர் டிரம். மொத்த வியாபாரி என்பதால் சரக்குக்குக் குறைவில்லை. ஸ்டூலும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்கள், ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர் தினமும் குதிரைக்கு முன்னால் உட்கார்ந்து வாளி தட்டுவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் கடைக்கு வந்து வியாபாரம் எப்படிப் போகிறது என்று என்னிடம் அக்கறையாக விசாரித்தார்கள்.

அந்த நாட்களில் கேட்டில் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தோம். அது பெரிய சண்டையில் முடிந்தது. ஒரு சாவு ஊர்வலம் வழக்கம் போல நின்று, தார்ப்பாயைப் பார்த்துக் கோபப்பட்டது. “அடுத்த தெருக்காரருக்கு ஆடுச்சு, எங்க அப்பாருக்கு மட்டும் ஆடாதா? அவுக என்ன ஒசத்தி?” என்று ஒருவர் கேட்டை உலுக்கினார். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றேன். “செத்தவருக்கு மட்டும் உடம்பு நல்லாவா இருக்கு?” என்றார்.

வெயில் காலம் முடியும் சமயத்தில் ஒரு நாள், தார்ப்பாயைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டிருந்தபோது, முன்தகவல் இல்லாமல் ஒரு ஊர்வலம் வந்துவிட்டது. தப்பும் தவிலும் ஒன்றாகச் சேர்ந்து முழங்கின. நான் ஓடிப்போய்க் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். குதிரை ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது. பிறகு கீழே கிடந்த கேரட்டைத் தேடத் தொடங்கியது. வெளியே நின்றவர்கள் ஏமாந்து போய்விட்டார்கள். நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட அப்படி வாய்விட்டு அழுததில்லை. அந்த வீட்டுக்காரர்கள் மட்டும் நான் தங்கள் ஐயாவுக்காக அழுவதாக நினைத்துக்கொண்டு போனார்கள்.

என் தம்பி மழைக்காலத்தில் வந்தான். அவனுடைய மகனுக்கு உசிலம்பட்டியில் அதே மண்டபத்தில் காதுகுத்து வைத்திருந்தான். பத்திரிகையோடு குடோனுக்கே வந்தான், கையில் நீளக் குடை. கேட்டைத் திறந்து அவன் உள்ளே கால் வைத்ததும் குதிரை காலைத் தூக்கியது. மேளத்தை மறக்க வைத்துவிட்டோம், கம்பை மறக்க வைக்க எங்களால் முடியவில்லை.

தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாருக்கா, என்னயப் பாத்ததும் சலாம் போடுது! எம்புட்டு பாசம் பாரு!”

“குடைய வெளிய வச்சுட்டு வாடா.”

“ஏன்?”

சொன்னேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். “குடையக் கூடவா? நீ ஒருத்தி. அதுக்கு ஆட்டம் பிடிக்கும்க்கா. பிடிக்காமயா அம்புட்டு அழகா ஆடும்?” என்றான். குடையை வெளியே வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். குதிரை கொட்டகையின் கடைசி மூலைக்குப் போய் நின்றுகொண்டது.

அவன் வந்த காரியம் இதுதான். அத்தை என்ற முறையில் நான் கொண்டு போகும் சீருக்கு முன்னால் அந்தக் குதிரை ஆடி வர வேண்டும். அவன் மனைவியின் அண்ணன்மார் எது கொண்டு வந்தாலும் அதையெல்லாம் இது தூக்கிச் சாப்பிட்டுவிட வேண்டும். ஊரே அந்தக் குதிரையைப் பற்றித்தான் இன்னமும் பேசுகிறதாம்.

“அது ஆடாதுடா” என்றேன்.

“மேளம் அடிச்சாத் தானா ஆடும்.”

“இப்ப ஆடாது.”

அவன் எழுந்துவிட்டான். “நான் குடுத்த குதிர. அத எனக்காக ஒரு நாள் ஆட விட மாட்ட. அப்பிடித்தான? குதிர வரலேன்னா நீயும் வராத. இனிமே எம் மூஞ்சியிலயும் முழிக்காத” என்றான். சாப்பிடாமல் போய்விட்டான். பசித்தும் திரும்பி வரவில்லை.

நான் சில நாள் சரியாகத் தூங்கவில்லை. பிறகு போன் போட்டேன். குதிரை வரும், ஆனால் அதன் மேல் யாரும் ஏறக் கூடாது, யார் கையிலும் கம்பு இருக்கக் கூடாது, ஆடுவதும் ஆடாததும் அதன் இஷ்டம் என்றேன். “கம்பு எதுக்குக்கா, மேளம் போதும்” என்று சந்தோஷமாகச் சொன்னான். நான் சொன்னதில் கடைசிப் பகுதி அவன் காதில் ஏறவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

விழா அன்று மண்டப வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டியிருந்தார்கள். தெருமுனையிலிருந்து எங்கள் சீர் கிளம்பியது. முன்னால் செண்டை மேளம், அடுத்துக் குதிரை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கணவர், பின்னால் தட்டுடன் நானும் மற்றப் பெண்களும். வாசலில் என் தம்பி பட்டு வேட்டியில் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் அதே மைக்காரர்.

“அன்பார்ந்த சொந்தங்களே, நீங்க எல்லாரும் ஆவலோட எதிர்பார்த்த அசுவம் இதோ வந்துவிட்டது! இப்பொழுது அசுவம் ஆடும்!”

மேளம் உச்சத்துக்குப் போனது. குதிரை நடந்து வாசலுக்கு வந்து, வாழைமரத்தைப் பார்த்தது. பிறகு அதைத் தின்னத் தொடங்கியது.

“இப்பொழுது அசுவம் ஆடும்!” என்று மைக்காரர் மறுபடியும் சொன்னார். இலை நாராகக் கிழிந்து அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை அறிவித்தபோது அவர் குரலில் சுரத்து இல்லை. மேளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

தம்பி மனைவியின் அண்ணன் சத்தமாகக் கேட்டார். “என்ன மாப்ள, ஒங்க குதிர ஆட வந்துச்சா, பந்திக்கு வந்துச்சா?” கூட்டம் சிரித்தது. தம்பியின் கழுத்து சிவந்தது. யாரோ பிளக்ஸ் பேனரிலிருந்து ஒரு மூங்கில் குச்சியை உருவி நீட்டினார்கள். “ஒரு தட்டுத் தட்டுங்கண்ணே, ஆடிரும்.”

அவன் வாங்கிவிட்டான்.

என் இரண்டு கையிலும் சீர்த்தட்டு. மண்டபத்துக்குள் போய்ச் சேரும் வரை சீர்த்தட்டைத் தரையில் வைக்கக் கூடாது. “டேய்” என்று கத்தினேன். அவன் திரும்பவில்லை. குதிரைக்கு வலது பக்கமாகப் போய்க் குச்சியை உயர்த்தினான்.

குதிரை மெல்லுவதை நிறுத்தியது. பாதி வாழையிலை வாயிலிருந்து வெளியே தொங்கியது. கழுத்தை வளைத்து, தலையைத் தாழ்த்தி, வலது முன்னங்காலைத் தூக்கியது. கூட்டம் விசிலடித்தது. மேளம் இல்லை. என் தம்பி அதற்கு ஒரு முழம் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். தொங்கிய வாழையிலை நடுங்கிக்கொண்டிருந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. அவன் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

குச்சியை மெதுவாக இறக்கினான். கால் இறங்கியது. மறுபடியும் கொஞ்சம் உயர்த்தினான், ஒரு சாண் அளவு. கால் உயர்ந்தது. அதற்குப் பிறகு அவன் குச்சியை உயர்த்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். தட்டோடு நின்ற நான் என்ன முகத்தோடு இருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

“மாப்ள, அடிங்க மாப்ள” என்றார் தம்பியின் மைத்துனர்.

தம்பி மைக்காரரிடம் போனான். “குதிரைக்கு இன்னைக்கு லீவுன்னு சொல்லுய்யா.”

மைக்காரர் மைக்கைக் கையால் மூடினார். “என்னண்ணே?”

“சொல்லுய்யா.”

மைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அன்பார்ந்த சொந்தங்களே, அசுவத்திற்கு இன்று விடுமுறை என்பதை விழாக் குடும்பத்தார் சார்பாகத் தெரிவித்துக்கொள்கிறோம்.” கூட்டம் ஒரு நிமிஷம் முழித்தது. பிறகு ஏற்றுக்கொண்டது. மைக்கில் சொல்லியாகிவிட்டது. மைத்துனர் கூடப் பந்திக்குப் போய்விட்டார். இரண்டாவது வாழைமரமும் மதியத்துக்குள் தீர்ந்தது.

நாங்கள் கிளம்பும் வரை தம்பி என்னிடம் குதிரையைப் பற்றி எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வழக்கமான கேள்விகள்தான், சாப்பிட்டாயா, மச்சான் எங்கே, சாம்பாரில் உப்பு கூடவா என்று. பையனின் காது எப்போது குத்தப்பட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரைக்கு அபூர்வமாக வரும் மழை அன்று வந்து, சாலையில் கணுக்கால் தண்ணீர். நான் கொட்டகையில் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது. தம்பி இறங்கினான். ஒரு கையில் கேரட் நிறைந்த பை, ஒரு கையில் அந்த நீளக் குடை. கேட்டைத் திறக்கப் போனவன் நின்றான். குடையை மடக்கி, வெளிப்பக்கக் கம்பியில் மாட்டினான். பிறகு மழையில் நனைந்துகொண்டே, குதிரைக்கு இடது பக்கமாக உள்ளே வந்தான்.